கிணற்று உருளைக்குப் போன விளக்கெண்ணெய்

சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் மூட்டு வலியையும் நாம் கூச்சமில்லாமல் பேசிக்கொள்கிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். வயிற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. எழுபதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். ஆகவே, என் வயதுத் தோழிகளே, இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன். நீங்கள் மூக்கைச் சுளிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கை.

போன வாரம் நம் கைபேசிக் குழுவில் ஒருத்தி ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தாள். மரம், மண், ஓடுகிற தண்ணீர் என்று வெளியில் பொழுதைக் கழித்தால் குடல் நன்றாக இருக்குமாம். உடனே இன்னொருத்தி, "அப்பம் இனிமே நான் மண்ணத் திங்கட்டுமா?" என்று எழுதினாள். ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போடப் போனேன். விரல் அப்படியே நின்றுவிட்டது. மண்ணைத் தின்கிற பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

தேதி விஷயத்தில் நான் கறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆதாரம் இல்லாமல் ஆண்டைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் தென்காசியில் பெரிய கோயிலின் கோபுரம் மறுபடி கட்டப்படாமல் மொட்டையாக நின்ற காலம். நான் மூன்றாம் வகுப்பு. நான் சொல்லப்போவது ஆனி நடுவில் தொடங்கி ஆடித் தபசு அன்று முடிந்தது. இப்போது பண்பொழியில் இருக்கும் என் சித்தி மகள், அது ஆடி அமாவாசை என்று இன்றும் சாதிக்கிறாள். நேற்றுகூடத் தொலைபேசியில் அரைமணி நேரம் சண்டை போட்டோம். அவள் சொல்வது தவறு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் தம்பிக்கு மண் பிடிக்கும். மழை பெய்து முடிந்ததும் வீட்டுப் பின்சுவரின் ஈர மண்ணை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வான். அம்மா பார்த்தால் கையில் ஒரு தட்டு விழும். அவன் சிரிப்பான், பல்லெல்லாம் மண்ணாக இருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு சாரல் சீசனில் நாங்கள் எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அவன் அங்கே தண்ணீரிலும் கிடந்தான், சேற்றிலும் கிடந்தான். கீழே விழுந்த பழத்தைச் சப்பினான். வீட்டுக்கு வந்து சில நாளில் அவனுக்கு வயிற்றாலை போக ஆரம்பித்தது. பிறகு அதில் ரத்தம் வந்தது.

அவன் தண்ணீர் கேட்டான். அவனுக்கென்று ஒரு சின்னப் பித்தளை டம்ளர் உண்டு. விளிம்பு நசுங்கிச் சொட்டை விழுந்தது. அதைக் காட்டிக் காட்டிக் கேட்டான். கொடுக்கவில்லை. வயிற்றாலை போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அன்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். படித்தவர்களும் நம்பினார்கள். ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் "தண்ணி, தண்ணி" என்பது எனக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். குற்றாலமும் மண்ணும் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டன; மிச்சமிருக்கிற பிள்ளையின் வயிற்றில் ஒரு துளி அழுக்குத் தங்க விடக் கூடாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பினாயில் வாசனை. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஊதா மருந்து கரைத்த தண்ணீரில் மிதந்த பிறகே அடுப்புக்கு ஏறும். குடிக்கும் தண்ணீர் கொதித்து, ஆறி, வடிகட்டி வரும். அதில் பாத்திரத்தின் ருசிதான் இருக்கும். முற்றத்தில் நடக்கவும் எனக்குச் செருப்பு. சிவப்புச் சோப்பால் கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் உரிந்தது. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவாள். மற்ற பிள்ளைகள் தெருவில் குதிக்கும் சத்தம் கேட்கும்.

இவற்றோடு பேதிக்குக் கொடுப்பது. பிள்ளைகளுக்கு எப்போதாவது விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடுவது நம் எல்லோர் வீட்டிலும் இருந்ததுதான். மூக்கைப் பிடித்து ஊற்றிக்கொண்ட கதை உங்களிடமும் இருக்கும். எங்கள் வீட்டில் அது வாரந்தோறும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிறு, சுக்குக் காப்பியோடு கலந்த எண்ணெய். அதை ஊற்றியது தம்பியின் பித்தளை டம்ளரில். அந்த டம்ளரை அம்மா ஏன் எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அளவு சரியாக இருந்தது என்பதற்காக இருக்கலாம். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஞாயிறு முழுவதும் போகும். திங்கள் எழ முடியாது. செவ்வாயிலிருந்து வயிறு கல்லாகிவிடும், பொருமல், குத்தல். வெள்ளிக்கிழமை நான் சுருண்டு படுத்திருப்பேன். "பாத்தீங்களா, உள்ள அழுக்கு சேந்துட்டு" என்பாள் அப்பாவிடம். மறுபடி ஞாயிறு வரும். பள்ளிக்கூடத்தில் என்னைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். எனக்குப் பசி என்றால் என்ன என்பதே மறந்துவிட்டது. தம்பி போன இடத்துக்குத்தான் நானும் போகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஆனி நடுவில் ஒரு நாள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குடல்வால் வீக்கம். அறுத்தெடுக்க வேண்டும் என்று வாடகைக் காரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்குத் துணையாக அப்பா போக வேண்டும். என்னை எங்கே விடுவது? ஆலங்குளத்தில் என் அத்தை இருந்தாள்; அத்தைக்கே உடம்புக்கு முடியவில்லை. மிச்சம் இருந்தது அம்மாவின் தங்கை, என் சித்தி. சித்தி இருந்தது குற்றாலத்தில்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்தார். இறங்கும்போது, "அம்மாட்ட நீ ஆலங்குளத்துல இருக்கன்னு சொல்லிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லிராத" என்றார். அருவியின் இரைச்சல் அங்கேயே கேட்டது. தம்பியைத் தின்ற ஊருக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சித்தப்பா ஐந்தருவிப் பக்கம் ஒரு பழத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மங்குஸ்தான், ரம்புட்டான், நடுவில் சில கிராம்பு மரங்கள். தோட்டத்து ஓரத்திலேயே வீடு. சித்தி பாதி நாள் அருவிக்கரையில் அவர்கள் போட்டிருந்த பழக்கடையில் இருப்பாள். அப்பா ஒரு புட்டியைச் சித்தியிடம் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழம காலைல, வெறும் வயித்துல. மறந்துராதம்மா."

"நான் பாத்துக்கிடுதேன் அத்தான். நீங்க எக்காவப் பாருங்க."

சித்தி வாங்கி மாடத்தில் வைத்தாள். அந்தப் புட்டி மாடத்தில் இருப்பது எனக்கு ஒரு தைரியமாக இருந்தது. சிரிக்காதீர்கள். உள்ளே சேர்கிற விஷத்தை வாரம் ஒரு தடவை வெளியே தள்ளுவதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்பிய பிள்ளை நான்.

சித்தி மகளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. சீசன் வந்தால் அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். பழம் பழுக்கிற நேரத்தில் குரங்கு விரட்ட ஆள் வேண்டும். ஆளுக்கொரு நசுங்கிய தகர டப்பா, ஒரு குச்சி. குரங்குக் கூட்டம் எந்த மரத்தில் இறங்குகிறதோ அந்த மரத்துக்கு ஓடித் தட்ட வேண்டும். அவை அடுத்த மரத்துக்குப் போகும். நாம் அங்கே ஓட வேண்டும். காலையிலிருந்து இருட்டும்வரை இதுதான் வேலை.

முதல் நாள் நான் வாசற்படியிலேயே நின்றேன். மண் கறுப்பாக, சொதசொதவென்று கிடந்தது. அழுகிய இலை வாசனை. என் செருப்பு முதல் அடியிலேயே புதைந்து வார் அறுந்தது.

"சவத்தக் கழத்திப் போட்டுட்டு வாட்டி" என்றாள் சித்தி மகள்.

"எங்கம்மா வையும்."

"உங்கம்மா பாளையங்கோட்டைலல்லா இருக்கு. அங்கன இருந்து தெரியுமா?"

"மண்ணு பட்டா செத்துருவோம்."

அவள் தன் காலைத் தூக்கிக் காட்டினாள். முழங்கால்வரை சேறு, கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. "அப்பம் நான் எப்பமோ செத்துட்டேன். பேயோட பேசிக்கிட்டு நிக்கெ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் இறங்கினேன். தனியாக நிற்பது அதைவிடப் பயமாக இருந்தது. விரலிடுக்கில் மண் பிதுங்கி வந்தபோது உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்து சிவப்புச் சோப்புக் கேட்டேன். சித்தி வீட்டில் அது இல்லை. சீயக்காயும் சாம்பலும்தான் இருந்தன.

இப்படியாக முதல் ஞாயிறு வந்தது. விடிந்ததும் நான் பல் துலக்கி, பழக்கப்படி வெறும் வயிற்றோடு அடுக்களை வாசலில் நின்றேன். சித்தி பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி நிக்கெ? வந்து உக்காரு."

"விளக்கெண்ணெய் சித்தி."

சித்தி மாடத்தைப் பார்த்தாள். பிறகு கிணற்றைப் பார்த்தாள். "அய்ய, அதுவா? உருளை கீச்சுகீச்சுன்னு உயிர வாங்குதுன்னு உங்க சித்தப்பா கேட்டாக. ஊத்திட்டேனே."

கிணற்று உருளை சத்தமில்லாமல் சுழல்வதை நான் அப்போதுதான் கவனித்தேன். நான் வந்த புதிதில், காலி வாளியைக் காற்று ஆட்டினாலே அது கத்தும்.

"வேற வாங்குவீங்களா?"

"வாங்குவோம், வாங்குவோம். கடைக்கு நேரமாச்சு. இந்தச் சோத்தக் குடி."

அவள் வாங்கவில்லை. வேண்டுமென்று மறந்தாள் என்று சொல்லி அவளை மகராசியாக்க எனக்கு விருப்பமில்லை. சீசன் கூட்டத்தில் அவளுக்குத் தலை சொறிய நேரமில்லை, உண்மையாகவே மறந்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் எண்ணெய் இல்லை. உள்ளே அழுக்கு ஏறிக்கொண்டே போகிறது, நெஞ்சுக்கு வந்ததும் செத்துவிடுவேன் என்று நான் கணக்குப் போட்டேன். ஓடும்போது நெஞ்சு அடித்துக்கொண்டால், வந்துவிட்டது என்று நின்றுவிடுவேன்.

ஆனால் ஓடிக்கொண்டும் இருந்தேன். குரங்குகள் நம் பயத்துக்காகக் காத்திருப்பதில்லை. புளித்த பழைய சோறும் மோரும் சுண்ட வைத்த குழம்பும் காலையில். மதியம் என்ன கிடைக்கிறதோ அது. இடையில் குரங்கு கடித்துப் போடாத பழம், சில சமயம் கடித்துப் போட்டதும். சித்தி மகள் பாவாடையில் ஒரு துடை துடைத்து நீட்டுவாள். நான் முதலில் மறுத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். ஒவ்வொரு பழத்துக்கும் மனதுக்குள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன்: வந்துகிட்டே இருக்கேன்.

ஒரு நாள் சாரல் நன்றாக இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. தகரச் சத்தத்தை வைத்துத்தான் ஒருத்தி இருக்கும் இடம் இன்னொருத்திக்குத் தெரியும். அவளுடைய சத்தம் நின்றுவிட்டது. நான் அவளைத் தேடி ஓடினேன். தோட்டத்துக்குக் குறுக்கே மலையிலிருந்து வருகிற ஒரு வாய்க்கால் உண்டு. கரை வழுக்கி அதில் விழுந்தேன். இடுப்பளவுதான் தண்ணீர். ஆனால் முகம் குப்புற விழுந்தேன். எழுவதற்குள் வாய் நிறைய, மூக்கு நிறைய, கலங்கிய தண்ணீரை விழுங்கிவிட்டேன்.

கரையேறி ஒரு கிராம்பு மரத்தடியில் உட்கார்ந்தேன். இருமல் நின்றதும், என்ன நடந்துவிட்டது என்பது புரிந்தது. தம்பி குடித்த அதே மலைத் தண்ணீர். மண்ணோடு. என் கையிலிருந்த டப்பா வாய்க்காலோடு போய்விட்டது. கத்தினாலும் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் இழுக்கும், பிறகு போகும், பிறகு தண்ணீர் கேட்பேன், கொடுக்க மாட்டார்கள். அந்த வரிசை எனக்கு மனப்பாடம். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு மலை அணில் கரகரத்தது. பயந்துகொண்டே இருந்தவள் எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது சித்தி மகள் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு கை பிசைவது போல. மேலே ஏறி நெஞ்சுக்குக் கீழே ஒரு குழி விழுந்தது போல.

"ஆரம்பிச்சுட்டு" என்று அழுதேன். "வயித்துக்குள்ள என்னமோ செய்யுது. செத்துருவேன்."

அவள் பயந்துபோய் என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சித்தி கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஈரப் பாவாடையோடு என்னை மடியில் கிடத்தி, வயிற்றை அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தாள்.

"வலிக்கா?"

"இல்ல."

"பெறகு என்ன செய்யுது?"

"காலியா இருக்கு. இங்கன."

சித்தி என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "காலைல தின்னதுதான? பசிக்குட்டி ஒனக்கு. பசி" என்றாள். தட்டை எடுத்து வைத்தாள். நான் மூன்று முறை வாங்கித் தின்றேன். சித்தி மகள் எதிரில் உட்கார்ந்து, "செத்தவ எம்புட்டுத் திங்குதா பாரும்மா" என்றாள்.

மறுநாள் காலைதான் உண்மையான பயம். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். அதுவரை எனக்கு வெளிக்குப் போவது என்றால் ஒன்று எண்ணெய் தள்ளிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் அழுதுகொண்டு முக்க வேண்டும். அன்று தோட்டத்து மறைவில் போய் உட்கார்ந்ததும், வலியில்லாமல், ஒரு நொடியில் முடிந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது, வயிற்றாலை போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஓடிப்போய்க் குடத்தில் சொம்பை விட்டு மொண்டு மொண்டு குடித்தேன், மூச்சு முட்ட.

சித்தி மகள் பார்த்துவிட்டாள். மிரட்டிக் கேட்டாள். சொன்னேன்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"ரத்தம்?"

"இல்ல."

"தண்ணியாவா போச்சு?"

"இல்ல."

அவள் சொம்பை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "ஏட்டி, எல்லாரும் அப்படித்தாம்ட்டி போவாக" என்றாள்.

நான் நம்பவில்லை. சாயங்காலம்வரை காத்திருந்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பொருமல் இல்லை. கல் இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சாகவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயத்தோடு ஓடினேன், பயத்தோடு தின்றேன், இருட்டியதும் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

இப்போது ஆடித் தபசுக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் அம்மாவுக்குத் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தென்காசி வரும் பேருந்து ஆலங்குளத்தில் நின்றது. அம்மா எழுந்துவிட்டாள். "பிள்ளையக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள். அப்பா, "பெறகு பாப்போம்" என்றார். அம்மா இறங்கப் போனாள். நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க, படிக்கட்டில் வைத்து அப்பா உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இதை அப்பா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தென்காசியில் குற்றாலத்துக்கு வண்டி இல்லை. தபசுத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவிலுக்குக் கூடுதல் பேருந்து விட்டிருந்தார்கள். இதுதான் என் ஆதாரம். அமாவாசை என்றால் தர்ப்பணக் கூட்டத்துக்காக வண்டியெல்லாம் குற்றாலத்துக்கல்லவா வந்திருக்கும்? அம்மா நிற்கவில்லை. சாரலில், வயிற்றில் தையல் பிரித்த இடத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நடக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால்.

நாங்கள் இருவரும் அப்போது மரத்தடியில் மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தோம். அதன் தோட்டில், அந்தத் தடித்த தோலில், ஊறும் சாறு ஒட்டினால் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். என் பாவாடை முழுக்க, முன்னும் பின்னும், காலோடு வழிந்து, கருஞ்சிவப்பாக இருந்தது. தலையெல்லாம் சேறு. நிமிர்ந்து பார்த்தேன். வேலிப் படலுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவாடையைப் பார்த்தாள். அப்படியே படலைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

"ரத்தம்" என்றாள் கடைசியில். "ரத்தமாப் போகுது. இதுக்கும் ரத்தமாப் போகுது."

சித்தப்பா ஓடிவந்து, "மதினி, பழச் சாறு மதினி, பழம்" என்றார். அவள் காதில் விழவில்லை. சித்தி ஒரு தோட்டைப் பிழிந்து அவள் கையிலேயே தேய்த்துக் காட்டினாள். அம்மா தன் கையைப் பார்த்தாள், என் பாவாடையைப் பார்த்தாள். எழுந்து என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பையைத் திறந்தாள். உள்ளே ஒரு புதுப் புட்டி இருந்தது. பித்தளை டம்ளரும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அதையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம குடுத்தியா?" என்றாள் சித்தியிடம்.

சித்தி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கேன்லா. குடுத்தியா?"

"இல்லக்கா. மறந்துட்டேன்."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

அம்மா புட்டியைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள், பாதி தரையில் சிந்தியது. "ஒருத்தன இந்த ஊருக்குக் குடுத்தாச்சு. இவளையும் குடுக்கச் சொல்லுதியா? எத்தன நாள் அழுக்கு உள்ள கெடக்கு. குடி. குடிட்டி."

டம்ளர் என் உதட்டுக்கு வந்துவிட்டது. அந்த வாசனை வந்ததும் என் வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது. ஓடி ஓடி அவிழ்ந்திருந்த ஏதோ ஒன்று மறுபடி முடிச்சு விழுந்தது. சித்தி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எக்கா. அவனுக்கு நான்தான் வாய் தொடச்சேன். நெனவிருக்கா? அவன் எண்ணெயா கேட்டான்? தண்ணியில்லா கேட்டான். நீயும் குடுக்கல, நானும் குடுக்கல. குத்தாலம் என்ன செய்யும்?"

அப்பா வாசலில் நின்றவர் வெளியே போய்விட்டார். அம்மா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே புதுச் செய்தியைச் சொன்னேன்.

"எனக்குப் பசிக்கும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வருடத்தில் அவள் என்னிடமிருந்து கேட்காத சொல் அது. வயிற்றில் கையை வைத்தாள். அமுக்கினாள். கல்லைத் தேடினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தொப்புளுக்குக் கீழே. விரல்கள் மெத்தென்று இறங்கின.

எண்ணெயை முற்றத்தில் கொட்டினாள். டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், ரொம்ப நேரம். கழுவிக் கொண்டுவந்து சித்தியிடம் நீட்டினாள்.

"தண்ணி குடு."

சித்தி குடத்திலிருந்து ஊற்றினாள். கிணற்றுத் தண்ணீர், கொதித்ததா என்று அம்மா கேட்கவில்லை. என்னிடம் கொடுத்தாள். "குடி" என்றாள். குடித்தேன். மறுபடி வாங்கினாள். "குடி." குடித்தேன். மறுபடி. எனக்குத் தாகமே இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, போதும் என்று சொல்லப் பயமாக இருந்தது. அவள் கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் குடி, ராசா." என்னை அவள் ராசா என்று கூப்பிட்டதில்லை.

அதன் பிறகு அந்த டம்ளரை நான் பார்க்கவில்லை. சித்தி மகளுக்கும் தெரியவில்லை.

நான் கொஞ்சம் படிக்கிறவள். குடலுக்குள் கோடிக்கணக்கில் நல்ல உயிர்கள் குடியிருக்கின்றன, மண்ணும் இலையும் காற்றும் அவற்றை வளப்படுத்தலாம், பயம் குடலை இறுக்கும், நடையும் தூக்கமும் இளக்கும் என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள். என்னைக் குணமாக்கியது எது என்று பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். சேறா, குரங்கா, பழைய சோறா, எண்ணெய் நின்றதா, அம்மாவின் பயத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்ததா. பிரிக்க முடியவில்லை. வாய்க்கால் தண்ணீரைக் குடியுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். தம்பியைக் கொண்டுபோனதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான். அது அருவியிலிருந்து வந்ததா, எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்தே வந்ததா என்று யாரும் தேடவில்லை. அம்மா பயந்தது தவறில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

அம்மா கடைசிவரை அருவியில் தலை நனைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாரலுக்கும் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். திரும்பும் நாளில் மதியத்திலிருந்தே தென்காசிப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்பாள், ஒரு கை வயிற்றுத் தையல் இருந்த இடத்தில். நான் இறங்கியதும் என் நகத்தில் மண் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். முகம் வெளுக்கும். நெற்றியில் வியர்வை வரும். எத்தனை ஆண்டு ஆனாலும் அது மாறவில்லை.

நான் குளித்தேனா, எதில் குளித்தேன், எதைத் தின்றேன் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டது ஒன்றுதான், அதையும் தெருமுனை வந்த பிறகு, முன்னால் பார்த்து நடந்தபடி.

"பசிச்சுதா?"